பதினாறாவது பை

உங்கள் பிள்ளையிடம் யாராவது "பாப்பா, உன் பேரு என்ன?" என்று கேட்டால், உங்கள் வீட்டில் பதில் சொல்வது யார், பிள்ளையா நீங்களா? மனசைத் தொட்டுச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் நான்தான். பேர் சங்கரகோமதி, கூப்பிடுவது கோமு, வயது ஒன்பது, படிப்பது நாலாம் வகுப்பு, பிடித்தது முருங்கைக்கீரை போட்ட அடை, பிடிக்காதது தலைக்கு எண்ணெய் வைப்பது. இத்தனையையும் நர்ஸம்மாவிடமும் ரேஷன் கடைக்காரரிடமும் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த முன்பின் தெரியாதவர்களிடமும் நான் ஒரே மூச்சில் சொல்லி முடிக்கிறவரை, அவள் என் முந்தானைக்குப் பின்னால் நின்று நூலைப் பிரித்துக்கொண்டிருப்பாள். வீட்டில் ஆட்டுக்குட்டியோடு பேசுவாள், பள்ளிக்கூடத்தில் ஆஜர் கூப்பிட்டால் கையை மட்டும் தூக்குவாள். "நீ வாயை மூடுனாத்தான அது வாயைத் திறக்கும்" என்று இவள் அப்பா சொல்வார். நான் சிரித்துக்கொண்டே அவருக்கும் சேர்த்து நானே பதில் சொல்லிவிடுவேன்.

எங்கள் தும்பைக்குறிச்சிப் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பும் அஞ்சாம் வகுப்பும் ஒரே அறை, பிள்ளைகள் பதினொன்று, டீச்சர் ஒருத்தர், அமலோற்பவம் டீச்சர். கரும்பலகை இருந்த இடத்தில் இப்போது ஒரு பெரிய தொடுதிரை. புதன்கிழமை பதினொரு மணி அடித்தால் அந்தத் திரையில் மூன்று ஊர்ப் பள்ளிக்கூடங்கள் வந்து உட்காரும். மலையில் ஒன்று, கடற்கரையில் ஒன்று, ஆற்றங்கரையில் ஒன்று. நேரலையில் கூடிக் கணக்குப் பழகுவது. ஊருக்கு ஒரு பிள்ளை வீதம் நாலு பிள்ளை ஒரு குழு. குழுவுக்கு ஒரு கணக்கு. கணக்குக்கு நாலு படி. படிக்கு ஒருத்தர் வாய் திறந்து சொல்ல வேண்டும், நாலும் சரியாக வந்தால்தான் குழு கலையும். கேட்பதற்கு நல்ல ஏற்பாடாகத்தான் இருந்தது.

ஆடி மாதம் முதல் புதன், கோமு பொன்னுக்குவீங்கி வந்து வீட்டில் கிடந்தாள். மற்ற பத்துப் பேரும் பாயில் உட்கார்ந்திருக்க, டீச்சர் திரையில் 'குழுவாகப் பிரி' என்ற பொத்தானைத் தொட்டார், பிள்ளைகள் பிரிந்தார்கள். அவ்வளவுதான். பாயில் பத்துப் பள்ளம், வாசலில் பத்து ஜோடிச் செருப்பு, கொக்கியில் ஆடுகிற பத்துப் பை. ஆள் மட்டும் இல்லை. திரையில் பத்துக் கட்டம் விரிந்தது. கட்டத்துக்கு நாலு பிள்ளைகள், எந்த ஊர்ப் பாயும் இல்லாத ஒரு பாயில், எந்த ஊர்ச் சுவரும் இல்லாத ஒரு அறையில், சம்மணம் போட்டு உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். முக்கால் மணி நேரத்துக்குள், கணக்கு முடிந்த வரிசையில் ஒவ்வொருத்தராக வந்து பாயில் சேர்ந்தார்கள். ஒருத்தி கன்னத்தில் மலைக்குளிர் ஒட்டியிருந்தது, ஒருத்தன் சட்டைப் பையில் கடல் மணல் கிடந்தது. டீச்சர் எண்ணிப் பார்த்து, பத்தும் சரி என்று வருகைப் பதிவேட்டில் எழுதி, சத்துணவுக்கு அனுப்பினார்.

சாயங்காலம் ஊர் கூடியது. பள்ளிக்கூடத்துக்குப் போன பிள்ளை பள்ளிக்கூடத்தில் இல்லாமல் போவது சரியா என்று ஒரு பேச்சு, மத்தியானச் சாப்பாட்டுக்குள் வந்துவிடுகிறார்களே அப்புறம் என்ன என்று ஒரு பேச்சு. சத்துணவு ஆயா எழுந்து, போன இடத்தில் நேரமாகிவிட்டால் முட்டையை எடுத்து வைப்பதா, அவிக்காமல் விடுவதா, அதை மட்டும் சொல்லுங்கள் என்றாள். எடுத்து வைப்பது என்று முடிவானது. அதற்கப்புறம் மற்றதெல்லாம் தானாக முடிவானது. புதன்கிழமை பிள்ளைகள் பத்தே முக்காலுக்கு ஒன்றுக்குப் போய்விட்டு வர வேண்டும், தண்ணீர் பாட்டிலைக் கழுத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும், மூக்குச் சளி இருக்கிற பிள்ளை மலைப் பிள்ளை பக்கத்தில் உட்காரக் கூடாது. இரண்டாவது புதனில் எங்கள் பிள்ளைகள் கடலைமிட்டாய் கொண்டுபோனார்கள், கடற்கரைப் பிள்ளைகள் கருவாடு கொடுத்தனுப்பினார்கள். மூன்றாவது புதனுக்குள் அம்மாக்கள் எல்லோரும் பதினோரு மணிக்கு வேலையைப் போட்டுவிட்டு ஜன்னலில் வந்து நின்று, யார் பிள்ளை முதலில் திரும்புகிறது என்று பந்தயம் கட்டாத குறையாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். பேச்சிக்கனி மதினி இருக்கிறாளே, என் அண்ணன் முறைக்காரருக்கு வாழ்க்கைப்பட்டவள், அவள் தன் மகள் செல்வராணி முதலில் வந்தால் ஜன்னல் கம்பியைத் தட்டியே ஊருக்குச் சொல்வாள்.

அந்த மூன்றாவது புதனில்தான் ஆடிக்காற்றில் கரண்ட் ஒரு நொடி போய்விட்டு வந்தது. ஒரே ஒரு நொடி. திரை கறுத்து, வெளுத்தது. செல்வராணி திரும்பி வந்தாள், ஆனால் நிழல் இல்லாமல் வந்தாள். உச்சி வெயிலில் நிற்க வைத்துப் பார்த்தோம், பிள்ளை இருந்தது, காலடியில் ஒன்றும் இல்லை. சாயங்காலம் ஐந்து மணிக்கு, ஆடு திரும்புகிற நேரத்தில், நிழல் தனியாக ஓடைப் பாதையில் நடந்து வந்து அவள் காலில் ஒட்டிக்கொண்டது, முழங்கால்வரை புழுதி. அதற்கப்புறம் மதினி கம்பியைத் தட்டுவதை நிறுத்தினாள். பள்ளிக்கூடத்துக்கு ஒரு யுபிஎஸ் பெட்டி வந்தது. ஒரு நொடிக்கு நிழல் என்றால், ஒரு நிமிஷத்துக்கு எது என்று யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை.

நான் மட்டும் கேட்காமலே கணக்குப் போட்டுவிட்டேன். வாய் திறந்து சொன்னால்தான் குழு கலையும், என் பிள்ளை வாய் திறக்காது. ஆகவே கன்ன வீக்கம் வற்றிய பிறகும் புதன்கிழமை தோறும் கோமுவுக்கு வயிற்று வலி. விடுப்புக் கடிதம் நானே எழுதுவேன், கையெழுத்தும் நானே, வலியும் கிட்டத்தட்ட நானேதான். நாலு புதன் இப்படி ஓடியதும் டீச்சர் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"செம்பகம், உன் மகளுக்குப் புதன்கிழமை மட்டும் வயிறு எப்படித் தேதி பாத்து வலிக்குது?"

"டீச்சர், அது கூச்சப்படுற பிள்ள..."

"அவளக் கேக்குறேன். கோமு, வர்றியா?"

"அவ எங்க டீச்சர் சொல்லப் போறா, அவளுக்கு..."

"உன்ன நான் கேக்கல, செம்பகம்."

கோமு ஆட்டுக்குட்டியின் காதைத் தடவிக்கொண்டே தலையை ஆட்டினாள். ஆமாம் என்று ஆட்டினாளா இல்லை என்று ஆட்டினாளா என்று எனக்குத் தெரியவில்லை. டீச்சருக்குத் தெரிந்துவிட்டது.

அடுத்த புதன். தலைக்கு எண்ணெய் வைக்காமல், அவள் இஷ்டப்படி சீவிவிட்டு அனுப்பினேன். பதினொரு மணிக்கு டீச்சர் பொத்தானைத் தொட்டார், பாயில் பதினொரு பள்ளம். பதினொன்றாவது கட்டத்தில் கோமு. பக்கத்தில் கம்பளிச் சட்டை போட்ட மலைப் பிள்ளை, ஜடையில் தாழம்பூ வைத்த கடற்கரைப் பிள்ளை, மூக்கு ஒழுகுகிற ஆற்றங்கரைப் பையன். அவர்கள் தலைக்கு மேல் கணக்கு எழுதியிருந்தது. நூற்று இருபத்தேழு எலுமிச்சம்பழம், ஒரு பையில் எட்டுப் பழம் பிடிக்கும், எல்லாப் பழத்தையும் கொண்டுபோக எத்தனை பை வேண்டும்? மலைப் பிள்ளை கணக்கை வாசித்தாள். கடற்கரைப் பிள்ளை வகுக்க வேண்டும் என்றாள். பையன் மூக்கைத் துடைத்துவிட்டு, பதினைந்து தடவை எட்டு நூற்றிருபது, மிச்சம் இருக்கு என்றான். நாலாவது படி கோமுவுக்கு. கோமு பாயில் ஒரு கோரையைப் பிரித்தாள்.

பதினொன்றே முக்காலுக்கு மற்ற பத்துக் குழுவும் கலைந்து, பத்துப் பிள்ளைகளும் வந்து சேர்ந்தார்கள். டீச்சர் வாசலில் நின்று அவர்களை எண்ணிக்கொண்டிருந்த நேரம் பார்த்து நான் உள்ளே போய், திரையின் மூலையில் சிவப்புக் கோடு போட்ட மைக் படத்தைத் தொட்டுவிட்டேன். கோடு போய்விட்டது. "கோமு, தண்ணி குடிச்சியா தாயி?" என்றேன். ஒரு வார்த்தைதான் கேட்க நினைத்தது. என் பின்னாலேயே வந்த மதினி, "ஏட்டி, பயப்படாத, சொல்லிரு!" என்றாள். அவள் பின்னால் வந்தவள் ஒரு வார்த்தை, அதற்குப் பின்னால் வந்தவள் ஒரு வார்த்தை. கோமு நிமிர்ந்து பார்த்தாள், எங்களை அல்ல, கூரையை.

பன்னிரண்டே காலுக்கு ஓடைப் பக்கம் ஒரு பனைமட்டை கம்பியில் விழுந்து கரண்ட் போனது.

யுபிஎஸ் பெட்டி ஒரு தடவை கீங் என்றது. திரை அணையவில்லை. டீச்சர் பெட்டியைக் குனிந்து பார்த்து, "அரை மணி நேரம் தாங்கும்" என்றார். குரல் எப்போதும் போலத்தான் இருந்தது, கை மட்டும் கழுத்துச் சிலுவையைப் பிடித்துக்கொண்டது. செய்தி போய், லோடு ஆட்டோவை எடுத்துக்கொண்டு இவள் அப்பா வந்தார். வண்டி பேட்டரியைக் கழற்றி, மைக்செட் கடை இன்வெர்ட்டரில் மாட்டி, யுபிஎஸ் பெட்டிக்குக் கொடுத்துப் பார்த்தார். அந்தக் கரண்டை வாங்க மாட்டேன் என்று பெட்டி கத்தியது. இன்னும் ஒரு வழி இருந்தது. திரையின் பிளக்கையே பிடுங்கி இன்வெர்ட்டரில் சொருகுவது. அதற்கு ஒரு நொடி திரை இருள வேண்டும். "ஒரு நொடிதான்" என்றார். எல்லோரும் செல்வராணியின் காலடியைப் பார்த்தோம். அவர் இன்வெர்ட்டரைத் திரைக்கு அடியில் வைத்து, பிளக்கில் கை வைத்தபடியே முழங்கால் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

டவருக்குச் சுமை குறையட்டும் என்று ஊரில் இருக்கிற செல்போனையெல்லாம் அணைத்துச் சுளகில் கொண்டுவந்து கொட்டினார்கள், உளுந்து மாதிரி கிடந்தது. நடப்பது தெரிந்து மற்ற மூன்று ஊர்க் கட்டங்களிலும் பெற்றவர்கள் வந்து நின்றார்கள். அவர்கள் பிள்ளைகளும் அதே பாயில்தானே இருக்கிறார்கள்.

"ஏன்மா, எங்க பிள்ளைங்க மூணும் சொல்லிடுச்சே! உங்க பிள்ளைக்கு வாய் இல்லியா?" என்றாள் தலையில் கம்பளி சுற்றிய மலைக்காரி.

"இருக்கு தாயி இருக்கு, கூச்சம்..."

"கூச்சப்படுற பிள்ளைய எதுக்கு அனுப்புனிய? எம்புருசன் கடல்ல இருந்து வந்து மவள எங்கன்னு கேட்டா, கூச்சத்துல மாட்டிக்கிட்டான்னு சொல்லவா?" இது கடற்கரைக்காரி. அவள் மகள் அந்த நேரம் கோமுவின் தோளில் கை போட்டு, கோமுவுக்காக "ஏழு" என்று தானே சொல்லிப் பார்த்தாள். திரை அசையவில்லை. கீங் என்றது பெட்டி. ஆற்றங்கரைக்காரர் துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். அதுதான் என்னை ஆட்டிவிட்டது.

நான் திரைக்கு முன்னால் போய் நின்றேன். "கோமு, மிச்சம் எவ்வளவுன்னு கேக்காக தாயி. ஏழு. ஏழுன்னு சொல்லு. என் ராசாத்தி, ஏ-ழு." மதினி, "ஏழுட்டி!" என்றாள். ஜன்னலில் இருந்து ஒருத்தர், ஏழு இல்லை ஒன்பது என்றார், அவரோடு ஒருத்தர் சண்டைக்குப் போனார், வாசலில் இருந்து பதினைந்து என்றார்கள், சத்துணவு ஆயா விரலை மடக்கி முதலில் இருந்து எண்ணினாள். மலைக்காரர்களும் கடற்கரைக்காரர்களும் அவரவர் பங்குக்கு ஏழு ஏழு என்று கத்த, நாலு ஊரும் சேர்ந்து ஒரே கூப்பாடு. கோமு இரண்டு கையாலும் காதைப் பொத்தினாள். மலைப் பிள்ளை தன் சால்வையை அவிழ்த்து நாலு பேர் தலைக்கு மேலும் பிடித்தாள், மழைக்குப் பிடிக்கிற மாதிரி. எங்கள் பேச்சு உள்ளே என்னவாகப் போய் விழுகிறது என்று அப்போதுதான் டீச்சருக்குத் தோன்றியிருக்க வேண்டும். அவர் திரையின் மூலையைப் பார்த்தார்.

"மைக்க யாரு திறந்தது?"

ஜன்னலில் ஏழா ஒன்பதா என்ற சண்டை ஓடிக்கொண்டிருந்தது. "நான்தான் டீச்சர். தண்ணி குடிச்சாளான்னு கேக்க" என்றேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. மைக் படத்தைத் தொட்டார், கோடு விழவில்லை. அழுத்தித் தொட்டார், ஈரமில்லாத விரலைத் துடைத்துவிட்டுத் தொட்டார், அது பச்சையாகவே எரிந்தது. நாலு ஊர் வாய் நின்றால்தான் அதுவும் நிற்கும் போல. கீங், கீங் என்றது பெட்டி, இப்போது இரண்டிரண்டாக. டீச்சர் என் பக்கம் திரும்பி, "செம்பகம், நான் சொன்னா இந்த ஊர் கேக்காது. நீ சொல்லு" என்றார்.

வாழ்க்கையில் அதுவரை பேசச் சொல்லித்தான் என்னை யாரும் கூப்பிட்டிருக்கிறார்கள். கல்யாண வீட்டில், பஞ்சாயத்தில், பஸ் கண்டக்டரோடு சண்டைக்கு. நான் ஜன்னலைப் பார்த்துக் கும்பிட்டேன், வாசலைப் பார்த்துக் கும்பிட்டேன், திரையில் இருந்த மூன்று ஊரையும் பார்த்துக் கும்பிட்டேன். "எல்லாரும் வாய மூடுங்க. என் பிள்ளைக்குக் காது வலிக்குது. என்னால பொறுக்க முடியாது, அதனால முதல்ல நான் மூடுறேன்" என்று சொல்லி, முந்தானையைச் சுருட்டிப் பல்லுக்கு நடுவில் வைத்துக் கடித்துக்கொண்டேன்.

ஊர் அடங்குவதை நீங்கள் கேட்டிருக்கிறீர்களா? அது ஒரேயடியாக நடக்காது. முதலில் ஜன்னல் அடங்கியது, பிறகு வாசல், பிறகு புளியமரத்தடி. ஒன்பது என்றவர் உதட்டை மட்டும் அசைத்து ஒன்பது என்று சொல்லிப் பார்த்து அதையும் நிறுத்தினார். மதினி தன் வாயைத் தன் கையால் பொத்தினாள், செல்வராணி அதற்கு மேல் தன் கையையும் வைத்தாள். திரையில் ஆற்றங்கரை அடங்கியது, மலை அடங்கியது. கடைசியாகக் கடற்கரைக்காரி என்னையே முறைத்துப் பார்த்துக்கொண்டு நின்று, தன் முந்தானையையும் எடுத்துச் சுருட்டிக் கடித்தாள். அப்போது காற்றுகூடப் பனையை விட்டு இறங்கி உட்கார்ந்த மாதிரி இருந்தது. கீங், கீங், கீங் என்று பெட்டி மட்டும்.

இவள் அப்பா பிளக்கை இறுக்கிப் பிடித்திருந்தார். பெட்டியில் கடைசி விளக்கு சிவப்பாகி மினுங்கியது. அவர் என்னைப் பார்த்தார், பிடுங்கவா என்று. எனக்குச் சொல்வதற்கு ஆயிரம் இருந்தது. தலையை மட்டும் ஆட்டினேன், வேண்டாம் என்று. அவள் தலையாட்டுகிற மாதிரிதான் ஆட்டியிருப்பேன் போல. அவருக்குப் புரிந்தது.

கோமு காதில் இருந்து ஒரு கையை எடுத்தாள். கேட்டுப் பார்த்தாள். இன்னொரு கையையும் எடுத்தாள். பாயில் இருந்து பிரித்த கோரைகளை வரிசையாக வைத்து எண்ணினாள். பிறகு, ஆட்டுக்குட்டியிடம் பேசுகிற அதே குரலில், ஆற்றங்கரைப் பையனைப் பார்த்துப் பேசினாள்.

"பதினஞ்சு பையில போட்டா ஏழு பழம் தரையிலதான கிடக்கும்? அதையும்தான கொண்டு போகணும்? பதினாறு பை வேணும்."

திரை ஒரு தடவை மூச்சு விட்டது. பாயில் பதினொன்றாவது பள்ளத்தில் என் மகள் உட்கார்ந்திருந்தாள். மற்ற மூன்று கட்டங்களிலும் கம்பளியும் தாழம்பூவும் மூக்குச்சளியும் அவரவர் அம்மா அப்பா மேல் போய் விழுந்தன. அதற்கு அடுத்த நொடி பெட்டி நீளமாகக் கத்தி, திரை கறுத்தது. எல்லோரும் முதலில் குனிந்து பார்த்தது அவள் காலடியைத்தான். நிழல் இருந்தது. மடியில் ஏழு எலுமிச்சம்பழம் இருந்தது.

ஏழு என்று நான் சொன்னது, ஊர் சொன்னது, எல்லாம் தப்பு. அந்தப் பிள்ளைக்கு விடை முதலிலேயே தெரிந்திருக்கிறது. நாலு ஊர் சேர்ந்து தப்பு விடையைத் தலையில் கொட்டினால் எந்தப் பிள்ளை வாய் திறக்கும்? பழத்தில் ஒன்றை டீச்சர் வாங்கிக்கொண்டார், ஒன்றை லோடு ஆட்டோ முன்னால் கட்டினார்கள், மூன்றைச் சத்துணவு ஆயா ஊறுகாய் போட்டாள், ஒன்றைக் காளியம்மன் சூலத்தில் குத்தினார்கள். மிச்சம் ஒன்று இன்னமும் எங்கள் வீட்டில் வாடாமல் இருக்கிறது. மறு புதனில் இருந்து பதினொரு மணி அடித்தால் ஊரில் யாரும் பேசுவதில்லை என்று முடிவானது. அம்மி அரைப்பவள்கூட நிறுத்திவிடுகிறாள். ஜன்னலில் நிற்கலாம், வாயில் முந்தானையோடு. கடற்கரைக்காரியும் நானும் இப்போதெல்லாம் திரையில் பார்த்தால் முந்தானையைத் தூக்கிக் காட்டிச் சிரித்துக்கொள்கிறோம்.

அந்த மறு புதனுக்கு முந்தின திங்கட்கிழமை வட்டாரக் கல்வி அலுவலகத்தில் இருந்து ஒரு சார் வந்தார். பயிற்சியைத் தொடரலாமா நிறுத்தலாமா என்று எழுதி அனுப்ப வேண்டும், அந்த அறைக்குள் என்ன நடந்தது என்று சொல்லுங்கள் என்று தாளை விரித்து வைத்துக்கொண்டார். ஊர் மொத்தமும் வந்திருந்தது. மதினி நிழலில் இருந்து ஆரம்பித்தாள், ஆயா முட்டையில் இருந்து ஆரம்பித்தாள், இவள் அப்பா பேட்டரியில் இருந்து, ஒன்பது என்றவர் தான் பதினாறு என்றுதான் சொன்னதாக. சார் பேனாவைத் திறக்கவே முடியவில்லை. பொறுக்கமாட்டாமல் நானும் ஒரு அடி முன்னால் போய், "சார், இவ பேரு சங்கரகோமதி, வயசு ஒம்போது..." என்று தொடங்கினேன்.

முந்தானை பின்னால் இழுபட்டது. திரும்பினேன். கோமு என்னைச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்து, சாருக்கும் எனக்கும் நடுவில் நின்று அண்ணாந்து பார்த்தாள்.

"அம்மா, எல்லாரையும் கொஞ்ச நேரம் பேசாம இருக்கச் சொல்லும்மா. நீயும் இரும்மா. உள்ள போனது நான்தான, நான் சொல்றேன்."